ஜெபத்தில் எதைக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விண்ணப்பச் சீட்டுகளைப் பிரித்து வாசிப்பது பல வருடமாக என் வேலை. நோட்டிலிருந்து கிழித்த தாள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், மருந்துக்கடை ரசீது என்று கையில் கிடைத்ததில் எழுதி, நாலாக மடித்துப் பெட்டியில் போட்டிருப்பார்கள். "மகனுக்கு வேலை." "சுகர் இறங்க." "வட்டிக் கடன் தீர." "வீட்டுக்காரர் குடியை விட." "சவூதியில் இருக்கும் தம்பிக்காக." கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் யாராவது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள்: "அக்கா, இதையெல்லாம் ஆண்டவரிடம் கேட்கலாமா?"

நான் போதகர் இல்லை. வேதத்தை வைத்து அவர்களிடம் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் எல்லாம் நம் காதுக்குப் பழகிய பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்தானே? பிறகு ஏன் கேட்க வேண்டும்?

தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று உங்கள் பிதா அறிந்திருக்கிறார் என்று இயேசுவே சொல்கிறார் (மத்தேயு 6:8). சொன்ன கையோடு, அடுத்த வசனத்திலேயே பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். "அவருக்குத் தெரியும், அதனால் சும்மா இரு" என்பது நம் கணக்கு. "அவருக்குத் தெரியும், அதனால் தைரியமாகக் கேள்" என்பது அவர் கணக்கு.

ஹாஸ்டலில் இருந்து பிள்ளை வீட்டுக்கு வந்தால் அதற்குப் பசிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? உலையும் வைத்திருப்பாள். ஆனாலும் பையைப் போட்டுவிட்டு "அம்மா, பசிக்குது" என்று அடுப்படிக்கே வந்து நிற்கிற பிள்ளையைப் பார்க்கும்போது அவளுக்கு வருகிற சந்தோஷம் வேறு. கேட்பதால் அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடப் போவதில்லை. கேட்கிறவன்தான் பிள்ளையாகிறான்.

வேலை, வீடு, பணம் போன்ற உலகக் காரியங்களைக் கேட்கலாமா?

கேட்கலாம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பது ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் நடுவிலேயே இருக்கிறது. கத்தோலிக்கர்கள் அதை "அனுதின உணவு" என்பார்கள். உணவு என்றால் அதை வாங்கும் கூலி, கூலி தரும் வேலை, வேலைக்குப் போக உடம்பில் தெம்பு எல்லாம் அதற்குள் அடங்கும். சோற்றுக்காக ஜெபிப்பது தாழ்ந்த ஜெபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எவ்வளவு கேட்பது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்து வேதத்தில் உள்ள மிகத் தெளிவான பதில், யாரும் அதிகம் புரட்டாத ஒரு பக்கத்தில் இருக்கிறது. நீதிமொழிகள் 30ஆம் அதிகாரம். ஆகூர் என்று ஒரு மனிதர். சாவதற்குள் தனக்கு இரண்டு காரியங்கள் வேண்டும் என்று கேட்கிறார். ஒன்று, பொய் தன்னை விட்டுத் தூரப் போக வேண்டும். இரண்டாவது: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக." காரணமும் சொல்கிறார். அதிகமாக இருந்தால் "கர்த்தர் யார்?" என்று கேட்டுவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன். ஆகையால் "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்."

படி அளப்பது! இந்த வசனத்தை மொழிபெயர்த்தவர்கள் நம் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கிறது. எங்கள் அம்மா காலையில் உழக்கால் அரிசி அளந்து போடுவாள். நாலு உழக்கு ஒரு படி. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று மனதில் எண்ணிக்கொண்டே அளப்பாள். தலை தட்டி, மிச்சத்தைத் திரும்பப் பானையில் விடுவாள். அப்புறம் அளந்ததிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, ஜன்னல் ஓரத்தில் இருந்த ஹார்லிக்ஸ் டப்பாவில் போடுவாள். அது பிடியரிசிக் காணிக்கை. மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். அரிசி கொஞ்சமாக இருந்த மாதங்களிலும் அந்தக் கைப்பிடி தவறியதில்லை. ஆகூருடைய ஜெபம் பலித்த ஒரு வீடு எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வரும்.

யாபேஸின் ஜெபத்தை ஜெபிக்கலாமா? "என் எல்லையைப் பெரிதாக்கும்" என்று இருக்கிறதே?

ஜெபிக்கலாம், 1 நாளாகமம் 4:10இல் உள்ளது, தேவன் அதைக் கேட்டருளினார் என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் அதே வசனத்தில் "தீங்கு என்னைத் துக்கப்படுத்தாதபடிக்கு" காத்துக்கொள்ளும் என்றும் அவர் கேட்கிறார். முந்தின வசனமோ, துக்கத்தோடு பெற்றதால் அவருக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறது. பிறந்ததிலிருந்தே துக்கத்தின் பெயரைச் சுமந்த ஒருவர் அழுது கேட்டது அது. இரண்டாவது மாடி கட்ட வசனம் தேடுகிறவர்கள் ஆகூரையும் கூடவே வாசிக்கட்டும்.

எதை முதலில் கேட்க வேண்டும்?

பரமண்டல ஜெபத்தின் வரிசையைப் பாருங்கள். அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் முதலில். ஆகாரம், மன்னிப்பு, தீமையிலிருந்து விடுதலை அதற்குப் பிறகு. இது எல்லோரும் சொல்வதுதான், சரியானதும்தான். நான் நிற்க விரும்புவது அதிலுள்ள ஒரு சின்ன வார்த்தையிடம்.

"எங்கள்."

தமிழில் "நம்" என்று ஒன்று உண்டு, "எங்கள்" என்று ஒன்று உண்டு. யாரிடம் பேசுகிறோமோ அவரையும் சேர்த்துச் சொன்னால் நம். அவரை எதிரே நிறுத்திச் சொன்னால் எங்கள். ஆகவே தேவனிடம் பேசும்போது "எங்கள் பிதாவே" என்கிறோம். சரி, அவரை எதிரே நிறுத்தியாயிற்று. இந்தப் பக்கத்தில் என்னோடு நிற்பது யார்? அந்த ஜெபம் முழுக்க "எனக்கு" என்ற சொல்லே கிடையாது. எங்கள் ஆகாரம், எங்கள் கடன்கள், எங்களை இரட்சித்துக்கொள்ளும். கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குள் தனியாக ஜெபி என்று சொன்ன அதே அதிகாரத்தில் (மத்தேயு 6:6) இப்படிக் கற்றுக்கொடுக்கிறார். அறைக்குள் தனியாள், ஜெபத்துக்குள் கூட்டம்.

"எங்களுக்கு ஆகாரம் தாரும்" என்று நான் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். என்னிடம் இரண்டு நாள் சோறு இருந்து அவளிடம் இன்றைக்கு இல்லை என்றால், கேட்டதில் பாதி ஏற்கெனவே என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாச் சீட்டுகளையும் வாசித்த பிறகு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நாம் கேட்பது அதிகம் என்று நான் நினைக்கவில்லை. "எங்களுக்கு" என்று கேட்பதுதான் குறைவு. ஐம்பது சீட்டில் அடுத்த வீட்டுக்காக எழுதியது ஒன்று வந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எனவே எதை முதலில் கேட்பது என்று தெரியாவிட்டால், உங்கள் தேவையையே எடுத்துக்கொண்டு அதே தேவையில் இருக்கும் இன்னொருவர் பெயரைச் சேர்த்துக் கேளுங்கள். மகனுக்கு வேலை வேண்டுமா? அவனோடு பரீட்சை எழுதிய இன்னொரு பையனுக்கும் சேர்த்து. வாயில் வருவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டத்தில்தான் அவருடைய ராஜ்யம் நமக்குள் வர ஆரம்பிக்கிறது.

கேட்கக் கூடாதது ஏதாவது உண்டா?

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஒரே கேள்வியை இயேசு இரண்டு தடவை கேட்கிறார்: நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?

முதல் தடவை தம் சீஷர்களான யாக்கோபிடமும் யோவானிடமும். அவர்கள் சொன்ன பதில்: உமது மகிமையிலே ஒருவன் வலதுபாரிசத்திலும் ஒருவன் இடதுபாரிசத்திலும் உட்கார எங்களுக்கு அருள்செய்ய வேண்டும். இங்கேயும் "எங்களுக்கு" இருக்கிறது, கவனித்தீர்களா? ஆனால் இந்த எங்களுக்குள் மற்றப் பத்துப் பேர் இல்லை. இரண்டே நாற்காலி. "நீங்கள் கேட்டுக்கொள்ளுகிறது இன்னது என்று உங்களுக்குத் தெரியவில்லை" என்றார் இயேசு. ஐந்து அதிகாரம் தள்ளிப் போனால், அவருடைய வலதுபுறமும் இடதுபுறமும் யார் இருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். சிலுவையில் இரண்டு கள்ளர்.

இரண்டாவது தடவை எரிகோ ரோட்டோரத்தில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பர்திமேயுவிடம். "ஆண்டவரே, நான் பார்வையடையவேண்டும்." அவ்வளவுதான். அவன் எழுந்து வரும்போது மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு வந்தான். பார்வை வந்ததும் தன் வேலையைப் பார்க்கப் போகவில்லை, வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான்.

மற்றவரைத் தள்ளிவிட்டு வாங்க வேண்டியதைக் கேட்காதீர்கள் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. இன்னொரு யாக்கோபு தன் நிருபத்தில், உங்கள் இச்சைகளில் செலவழிக்க வேண்டுமென்று தகாதவிதமாய்க் கேட்கிறீர்கள், அதனால் பெற்றுக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்கிறார் (4:3).

நம் ஊர் விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு நூறு பவுனோடு பெண் அமைய ஒருமுறை சீட்டு வந்தது. நான் அதை வாசிக்கவில்லை. கூட்டம் முடிந்து அந்தத் தாயிடம் தனியாகப் பேசினேன். இன்னொரு வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போடுகிற நகையை ஆண்டவரிடம் கேட்க முடியாது. "நம்ம ஆட்களிலேயே நல்ல வரன்" என்று சாதியைச் சேர்த்து வருகிற சீட்டும் அப்படித்தான். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு வந்து இதைக் கேட்பது எப்படிப் பொருந்தும்? இதனால் என்மேல் வருத்தப்பட்டவர்கள் உண்டு. இன்னும் அதையேதான் சொல்கிறேன்.

சுகத்துக்காக ஊரே ஜெபித்தது. சுகம் கிடைக்கவில்லை. எங்கள் விசுவாசம் குறைவா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டேதான் கேட்பார்கள். அதனால் முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு முடிவுக்கு வர வேதம் உங்களை விடாது.

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:9). பவுலுக்கா விசுவாசக் குறைவு? எசேக்கியா ராஜா சாகக் கிடந்து அழுதபோது ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. தாவீது தன் குழந்தைக்காகத் தரையிலே கிடந்து உபவாசம் இருந்தும் ஏழாம் நாளில் பிள்ளை செத்துப்போனது. இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துப் பிரசங்கம் பண்ணினால் கேட்கிறவர்களுக்கு அநியாயம் செய்கிறோம்.

என் சித்திக்குப் புற்றுநோய் வந்தபோது, வெளியூரிலிருந்து வந்து ஜெபித்த ஒருவர், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உடம்பில் ஒரு எலும்பு பாக்கி இல்லாமல் வலித்துக்கொண்டிருந்த சித்தி, அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சின்ன வயதிலிருந்து என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே கிடந்தாள். "பத்து வயசில் பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் பறிச்சேன், அதுவா இருக்குமா?" என்று விடிகாலையில் என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பிறவிக்குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லியிருக்கிறார் (யோவான் 9). நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போங்கள்.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1867இல் அயர்லாந்தில் பிறந்து, 1901 முதல் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் தங்கி, தேவதாசிகளாகக் கோயில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த சிறுமிகளை எடுத்து வளர்த்தவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் பழுப்புக் கண்கள் நீலமாக மாற வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துவிட்டு, காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்க்க ஓடினாராம். பழுப்பாகவே இருந்தன. பிற்காலத்தில் சேலை கட்டி, நம் ஊர்ப் பெண்களில் ஒருத்தியாக அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனபோது, அந்தப் பழுப்புக் கண்கள்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றின. சண்டே ஸ்கூலில் எல்லோரும் சொல்கிற கதை இது.

அதிகம் சொல்லப்படாதது இரண்டாம் பாதி. 1931இல் அவர் கீழே விழுந்து அடிபட்டார். அதன் பிறகு 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில்தான் இருந்தார். அவர் சுகத்துக்காக எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! பழுப்புக் கண்ணுக்கு ஏன் என்று பிற்பாடு விளங்கிற்று. இருபது வருட வலிக்கு அப்படி ஒரு காரணத்தை யாரும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அந்த அறையிலிருந்து அவர் எழுதிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அவர் கல்லறையில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, "அம்மா" என்று பொறித்திருக்கிறார்கள்.

ஆகவே சுகத்தைக் கேளுங்கள். மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லி யாக்கோபு 5:14 சொல்கிறது, அப்படியே செய்யுங்கள். வலி குறையக் கேளுங்கள், நல்ல தூக்கம் கேளுங்கள், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்குப் பொறுமை கேளுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் தருவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடத்தான் ஏசாயா சொன்னார் (ஏசாயா 38:21).

"உமது சித்தப்படி ஆகட்டும்" என்று முடித்தால் அது அவிசுவாசம் என்கிறார்களே?

சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு அப்படித்தான் முடித்தார். அதற்குமேல் நான் என்ன சொல்ல? ஆனால் அவர் அதோடு ஆரம்பிக்கவில்லை. "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று தனக்கு வேண்டியதை முதலில் திறந்து கேட்டார். மனதில் இருப்பதைச் சொல்லாமலே "சித்தப்படி ஆகட்டும்" என்று முடிப்பது, வலிக்கிற இடத்தைக் காட்டாமல் டாக்டரிடம் "நீங்களே பார்த்து ஏதாவது எழுதுங்க" என்று சொல்வது மாதிரி.

மகன் சபையை விட்டே போய்விட்டான். எத்தனை வருடம் கேட்பது?

மோனிக்கா என்ற தாயைத் தெரிந்துகொள்ளுங்கள். வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர், பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் அம்மா. மகன் விசுவாசத்தை விட்டு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தான். 383இல் ரோமாபுரிக்குக் கப்பல் ஏற நினைத்தான். போகக் கூடாது என்று மோனிக்கா கடற்கரைவரை கூடவே போனார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆலயத்தில், மகனைப் போகவிடாதேயும் என்று இரவெல்லாம் அழுது ஜெபித்தார். மகன் பொய் சொல்லிவிட்டு அந்த இரவிலேயே கப்பல் ஏறிவிட்டான். விடிந்தபோது காற்று பாயில் அடித்து, கப்பல் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டிருந்தது.

இத்தாலிக்குப் போன மகன் மிலான் நகரத்தில் அம்புரோஸ் என்ற பேராயரின் பிரசங்கங்களைக் கேட்டான். 387இல் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றான். பிற்பாடு அகுஸ்தீன் தன் வாழ்க்கையை எழுதும்போது சொல்கிறார்: என் தாய் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுப்பதற்காக, அன்று இரவு அவர் கேட்டதை நீர் கொடுக்கவில்லை.

உங்கள் மகன் விஷயமும் இப்படியே முடியும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. எதைக் கேட்பது என்பதில் மட்டும் மோனிக்காவிடம் ஒரு வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளலாம். "அவன் இங்கேயே இருக்கட்டும்" என்பது நம் வழி. "அவன் உம்மிடம் வரட்டும்" என்பது நம் ஆசை. ஆசையை விடாமல் கேளுங்கள், வழியை அவரிடம் விடுங்கள். அப்புறம் இன்னொன்று: அவனிடம் போனில் பேசும்போது சபைக்குப் போனாயா என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

பொருத்தனை பண்ணிக் கேட்கலாமா?

பிள்ளையில்லாத அன்னாள் ஒரு மகனைக் கேட்டுப் பண்ணினாள், நிறைவேற்றவும் செய்தாள். வீட்டிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று யெப்தா யோசிக்காமல் பண்ணி, எதிரே வந்த தன் ஒரே மகளைக் கண்ணீரோடு பார்த்து நின்றான். நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைவிட நேராமல் இருப்பது நலம் என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. "நீர் இதைச் செய்தால் நான் அதைத் தருவேன்" என்று வியாபாரமாகப் பேசாதீர்கள். நன்றியாகக் கொடுக்க ஆசையிருந்தால் கேட்டது கிடைப்பதற்கு முன்பே கொடுங்கள்.

அன்னாளிடம் எனக்குப் பிடித்தது பொருத்தனை அல்ல. அவள் ஜெபித்ததைப் பார்த்த ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தார். அவளோ, என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்றாள். பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" (1 சாமுவேல் 1:18). பிள்ளை இன்னும் வயிற்றில்கூட இல்லை. முகம் மாறிவிட்டது.

மற்றவர்களுக்காக ஜெபிக்கும்போது "ஆசீர்வதியும்" தவிர வேறு வார்த்தை வருவதில்லை. என்ன கேட்பது?

பவுலிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நிருபங்களில், அவற்றைப் பெறுகிற சபையாருக்காகத் தான் என்ன ஜெபிக்கிறார் என்பதை எழுதுகிறார். பிலிப்பியருக்கு, அவர்கள் அன்பு அறிவிலும் எல்லா உணர்விலும் பெருக வேண்டும் என்று (1:9). எபேசியருக்கு, உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்பட வேண்டும் என்று (3:16). கொலோசெயருக்கு, சந்தோஷத்தோடே கூடிய பொறுமை வேண்டும் என்று (1:11). தனக்காக அவர் கேட்கச் சொன்னது, சங்கிலியில் கட்டப்பட்டு இருந்துகொண்டே, சுவிசேஷத்தைத் தைரியமாய்ப் பேச வாக்கு வேண்டும் என்று (எபேசியர் 6:19).

அதற்காக அவர் விடுதலையை விரும்பவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிலேமோனுக்கு எழுதும்போது, உங்கள் ஜெபங்களால் நான் வருவேன் என்று நம்புகிறேன், நான் தங்க ஒரு இடத்தை ஆயத்தம்பண்ணு என்கிறார். சிறைக்குள் இருந்துகொண்டு ரூம் போட்டு வைக்கச் சொல்கிறார்!

கண்டுகொள்ளாத அதிகாரிகளுக்காகவும் நமக்குத் தீங்கு செய்கிறவர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டுமா?

ஆமாம். ரோமப் பேரரசின் கீழ் இருந்துகொண்டுதான் ராஜாக்களுக்காக விண்ணப்பம் பண்ணச் சொல்லி பவுல் எழுதினார் (1 தீமோத்தேயு 2:2). நியாயமாக நடக்க அவர்களுக்கு மனது வர வேண்டும் என்று கேட்பதும் அவர்களுக்கான ஜெபம்தான். அநியாயத்தை அநியாயம் என்று சொல்வதை அது தடுக்காது.

புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது எரேமியா 29:11 வந்தால் நமக்குப் பெரிய சந்தோஷம்: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. நாலு வசனம் முன்னால், உங்களைச் சிறைப்படுத்தின அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. 11ஐச் சுவரில் மாட்டுகிறவர்கள் 7ஐயும் மாட்ட வேண்டும்.

கோபமாக ஜெபிக்கலாமா? சில நாள் செத்துப்போனால் போதும் என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அழுகையில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள். கோபத்தை அவரிடம் கொட்டுவது, அவரை விட்டுப் போய்விடுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

எலியா தீர்க்கதரிசியும் நீங்கள் கேட்டதையே கேட்டார். சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார் (1 இராஜாக்கள் 19:4). தேவன் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்தார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். சாவைக் கேட்டவருக்கு அவர் கொடுத்தது அடை.

உங்களுக்கு அந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். அந்த அடையை உங்களுக்குக் கொண்டுவருகிற தூதர் அவர்களாகவே இருக்கலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு எதைக் கேட்கக் கற்றுத்தருவது?

அவர்கள் கேட்பதைத் திருத்தாதீர்கள். எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் ஐந்து வயதுப் பேரன் ஒரு வாரமாக, பக்கத்து வீட்டு ஆச்சியின் நொண்டிக்கோழிக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறான். "ஏசப்பா, அதுக்குக் கால் சரியாகணும், ஆச்சி அழக் கூடாது, எங்க எல்லாருக்கும் சோறு வேணும்." எங்க எல்லாருக்கும் என்பதில் கோழியும் உண்டா என்று அவனிடம் கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.